ஜெர்மனியில் இல்லாத படிப்பு

1

கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தபோது நான் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு மழலையர் பள்ளியின் கழிவறையில், பிள்ளைகள் கைகழுவும் குழாய்க்கு முன்னால் மண்டியிட்டிருந்தேன். அதுதான் என் உத்தியோகம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பத்திரிகை.

அனுப்பியவர் என் அக்காள் புருஷன் பொன்ராஜ் அத்தான். ஆறுமுகநேரி பஜாரில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிறவர். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அவருடைய மகள் ஜெயசுதாவுக்குத் திருச்செந்தூரில் கல்யாணம். நம் பக்கத்துப் பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முகூர்த்த நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டங்களைத் தெருமுனையில் நின்றே வாசிக்கலாம். சித்தப்பாவுக்கு பி.காம்., அத்தைக்கு எம்.ஏ., பி.எட்., பட்டம் ஒன்றும் சிக்காத ஒரு பெரியப்பாவுக்கு ‘டைப்ரைட்டிங் ஹையர்’. கடைசி வரியில் மழலைகள் இரண்டு பேர்; அவர்கள் பெயருக்குப் பின்னாலும் ‘யு.கே.ஜி.’ என்று போட்டிருந்தது.

எல்லாருக்கும் மேலே, தடித்த எழுத்தில், தாய்மாமன். ‘திரு. சு. செந்தில்வேல், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., (ஜெர்மனி), சயின்டிஸ்ட்.’ அதற்குக் கீழே என் மகள். ‘செல்வி கயல்விழி, பி.ஆர்க்., (ஜெர்மனி).’

பின்னாலேயே அத்தானின் குரல் வந்தது.

“மாப்ள, ஒன் பேர பொண்ணு பேருக்கு அடுத்த சைஸ்ல போடச் சொல்லிருக்கேன். பிரஸ்காரன் எடம் பத்தாதுங்கான். மாப்பிள்ள வீட்டுப் பெரியப்பாவச் சின்னதாக்குலேன்னுட்டேன். சரிதான?”

சரியில்லை. எம்.எஸ்ஸி.யும் எம்.ஃபில்லும் நான் ஜெர்மனியில் வாங்கியவை அல்ல, நம்மூர்ப் பக்கத்தில் வாங்கியவை. சயின்டிஸ்ட் நான் எங்கேயும் இல்லை. என் மகள் பி.ஆர்க். படிக்கவே இல்லை. ‘சூப்பர் அத்தான்’ என்று பதில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டேன்.

2

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினெட்டு வருடம். வந்த புதிதில் என் பட்டங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடுகிற ஓர் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினேன். அங்கே இருந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அப்போது மொழி வகுப்புக்குப் போக நேரமில்லாமல், தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி பார்த்து ஜெர்மன் பழகியிருந்தேன். அந்த நிகழ்ச்சிகளில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மொழியிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு என்பது எனக்கு நாலாவது தடவை போனபோதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அந்த அம்மையாரிடம், “நீ என் காகிதத்தைப் பார்த்தாயா? எப்போது முடிப்பாய்?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு பயந்துபோய், பக்கத்து வீட்டு நாயைக்கூட ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். முதுநிலைப் பட்டதாரியின் முதல் வருடம் இப்படிப் போயிற்று.

அந்த அம்மையார் கேட்டது ஒரே ஒரு தாள். நான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று கல்லூரியே எழுதி, உறையில் போட்டு, முத்திரை வைத்துத் தர வேண்டும். நடந்த வகுப்பா, நடந்ததாக எழுதிய வகுப்பா என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டில் பிழைத்தேன்.

இதற்காகக் கல்லூரிக்கு அலைந்தவர் அத்தான். கடையைப் பூட்டிப்போட்டு ஆறு நாள் போனார். “இத இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே அண்ணாச்சி” என்று அங்கிருந்த குமாஸ்தா இழுத்திருக்கிறார். “எங்க மாப்ள அளவுக்கு ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க, அதான்” என்று சொல்லிவிட்டு அத்தான் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் நாள், இந்த மனிதரை எழுப்பி அனுப்ப வேறு வழி தெரியாமல் உறை தந்தார்கள். அத்தான் பதிலுக்குக் கடைக் காலண்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. எம்.எஸ்ஸி.யை ஒருவாறு இளங்கலைக்குச் சமமாக வைத்திருந்தார்கள். எம்.ஃபில்லுக்கு ஒரே வரி: அதற்கு நிகரான படிப்பு ஜெர்மனியில் இல்லை, ஆகையால் மதிப்பிட இயலாது.

அத்தான் போனில் ஆவலாகக் கேட்டார். ஆறு நாள் பெஞ்சில் உட்கார்ந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? வரியின் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் கடையில் நடந்ததை அக்கா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தான் கல்லாவில் எழுந்து நின்று அறிவித்தாராம்:

“ஏலே, எங்க மாப்ள படிச்ச படிப்பு ஜெர்மனிக்காரனுவட்டயே கெடையாதாம்லே! தேடிப் பாத்துட்டுக் கைய விரிச்சிட்டானுவளாம்!”

நானும் சிரித்தேன். திருத்தவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது இது.

3

இப்போது உத்தியோகம். குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வகம் ஒன்றுக்கு, ஊர் முழுக்கச் சுற்றித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறவன் நான். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நீச்சல்குளம் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு இடம். கிருமி போகக் குழாயின் வாயைத் தீயால் வாட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, போத்தலில் பிடித்து, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சோதனை செய்கிறவர்கள் வேறு. முடிவு எழுதுகிறவர்கள் அதற்கும் மேலே. நல்ல வேலைதான். வெயில் இல்லை, திட்டு இல்லை, ஓய்வூதியம் உண்டு.

போகிற இடத்திலெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்கள்: “தண்ணீர் நன்றாக இருக்கிறதா?” அதற்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதிலையும் நிர்வாகமே சொல்லிக்கொடுத்திருக்கிறது. “எனக்குத் தெரியாது. ஆய்வகம் சொல்லும்.” வாய்க்கு வந்ததைச் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே பதினைந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் நான் பிழையே இல்லாமல் பேசுகிற வாக்கியம் அது ஒன்றுதான்.

ஊருக்கு இந்த வேலை எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? “போத்தலில் என் கையெழுத்து இருந்தால்தான் சோதனைக்கு எடுப்பார்கள்” என்று ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். பொய் இல்லை. மறுவாரம் பஜாரில் செய்தி இப்படி உலவியது: “மாப்ள கையெழுத்துப் போட்டாத்தான் ஜெர்மனியில குழாய்ல தண்ணியே வருமாம்.”

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் எப்போதும் அரை வாக்கியம்தான் அனுப்புவோம். மீதியை ஊர் எழுதிக்கொள்ளும்.

4

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷ் எழுத்து உள்ள எந்தத் தாள் வந்தாலும் வீட்டிலேயே அதிகம் படித்தவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் என்ன படித்தான் என்பது யாருக்கும் முக்கியமில்லை. நான் படித்தது வேதியியல். எனக்கு வந்தவை: குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை, பக்கத்து மனைக்காரர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், உப்பளக் கணக்கப்பிள்ளை ஒருவருக்கு வந்த வருமானவரிக் கடிதம், ஜெயசுதாவின் மாப்பிள்ளைக்குத் துபாய் கம்பெனி கொடுத்த வேலை ஒப்பந்தம், ஒரு கன்றுக்குட்டியின் தடுப்பூசிச் சீட்டு.

அத்தனைக்கும் பதில் சொன்னேன். தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு இணையத்தைத் துழாவிச் சொன்னேன், அதிலும் சிக்காததற்கு “யோசிச்சிச் செய்ங்க அத்தான், அவசரப்படாதிய” என்றேன். கடைசிப் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம். ‘மாப்ள ஆழமா யோசிப்பான்’ என்று பேர்.

ஒரு தடவைகூட ஊருக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதில்லை. சொல்ல மனசு வந்ததில்லை. இங்கே நான் யாருமில்லை, அங்கே நான் பெரிய படிப்பு. அந்த நாற்காலியை விட்டு இறங்கினால் எனக்கு உட்கார வேறு இடம் கிடையாது. உண்மை அவ்வளவுதான்.

5

கயல்விழிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நல்ல மதிப்பெண். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “நான் யூனிவர்சிட்டி போகல. கூரை போடுற வேலை கத்துக்கப் போறேன்” என்றாள். இங்கே ஓட்டு வீடுகள் நிறைய. ஏறி ஓடு மாற்றுவதை மூன்று வருடம் முறையாகச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

என் மனைவி சாந்தி இரண்டு நாள் அழுதாள். “நம்ம குடும்பத்துல கூரை மேல ஏறுனது மாம்பழம் பறிக்கத்தான்” என்றாள். நான் அழவில்லை, விளக்கினேன். முதுநிலைப் பட்டதாரிகள் விளக்குவார்கள். கல்வியின் அவசியம், சமூக மதிப்பு, எதிர்காலம் என்று முக்கால் மணி நேரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முடிஞ்சிட்டாப்பா? நாளைக்கு ஆறு மணிக்கு நான் வேலை பாத்துப் பழகப் போகணும்” என்று தூங்கப் போனாள். அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் சின்னதாகிக்கொண்டு வருகிறது. ஆனால் மிச்சம் இருப்பதை வைத்தே நறுக்கென்று பேசிவிடுகிறாள்.

அக்கா கேட்டபோது சாந்தி, “கட்டடம் சம்பந்தமா படிக்கா மதினி” என்று சொன்னாள். அதைத்தான் அத்தான் பி.ஆர்க். ஆக்கிவிட்டார்.

6

பத்திரிகை வந்த மறுநாள் இன்னொரு படம் வந்தது. கட்டம் போட்ட ரோஸ் தாளில் ஏற்ற இறக்கமாகக் கோடுகள், மேலே இயந்திரம் அச்சடித்த நாலு வரி இங்கிலீஷ். இசிஜி. கூடவே குரல்.

“மாப்ள, நேத்து சுவத்துக்குப் பூசுத பட்டி மாவு மூட்டை ரெண்ட மேல ஏத்துனேன். நெஞ்சுல யாரோ முட்டிய வச்சு அமுக்குன மாரி இருந்திச்சி, வேர்த்துக் கொட்டிட்டு. மெடிக்கல்காரன் இத எடுக்கச் சொன்னான். எடுத்துட்டுத் தூத்துக்குடிக்குப் போயி டாக்டர்ட்ட காட்டணுங்கான். வீட்டுல ஒரு மேதைய வச்சிக்கிட்டு நான் எதுக்குத் தூத்துக்குடிக்கு அலையணும்? பாத்துச் சொல்லு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகள் ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷ் புரிந்தது. இயல்பாக இல்லை என்றுதான் அதில் இருந்தது. இணையத்தில் தேடினேன். உடனே மருத்துவமனைக்கு ஓடு என்று ஒரு பக்கம் சொன்னது. இந்த இயந்திரங்கள் சும்மாவே அப்படி அச்சடிக்கும், கவலை வேண்டாம் என்று இன்னொரு பக்கம் சொன்னது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அத்தானுக்கு அலைச்சல், அதனால் இருக்கும் என்று இரண்டாவது பக்கத்தை எடுத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவும் இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று தட்டச்சு செய்து பார்த்தேன். பார்க்கவே கேவலமாக இருந்தது. அழித்தேன்.

‘பயப்பட ஒண்ணும் இல்ல அத்தான். கல்யாண டென்ஷன். ரெஸ்ட் எடுங்க.’

நிமிஷத்தில் பதில் வந்தது. ‘இது போதும் மாப்ள.’

நாலு நாள் போயிற்று. அஞ்சாம் நாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டின்போது சாந்தியிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன், அத்தானுக்கு என் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று. கயல் ரொட்டியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அப்பா, உனக்கு அந்தப் பேப்பர் படிக்கத் தெரியுமா?”

“ஓரளவுக்கு...”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது.”

“பின்ன ஏன் சொன்ன? ஸ்கூல் தண்ணிக்கே நீ சொல்ல மாட்ட. மாமா ஹார்ட்டுக்குச் சொல்லுவியா?”

சாந்தி என்னையே பார்த்தாள். போனை எடுத்தேன்.

7

அங்கே மத்தியானம். கடைக்குள் பெயிண்ட் கலக்குகிற இயந்திரம் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

“அத்தான், அந்த இசிஜி. நான் சொன்னது தப்பு. எனக்கு அது பாக்கத் தெரியாது. இப்பமே தூத்துக்குடிக்குப் போங்க.”

“சரி மாப்ள.”

“சரின்னா? கெளம்புதியளா?”

“அதான் நீ பாத்துட்டேல்ல. இப்ப நெஞ்சுல ஒண்ணுமில்ல. படியேறும்போது மட்டும் லேசா அமுக்கும், அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியாதுங்கேன் அத்தான்!”

அவர் சிரித்தார். போனை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ சொன்னார்: “எங்க மாப்ள. ஜெர்மனியில இருந்து பேசுதான். எம்புட்டு படிச்சிருக்கான், தெரியாதுங்கான் பாருங்க. படிச்சவன் அப்பிடித்தாம்யா சொல்லுவான்.”

பதினெட்டு வருடம் பாடுபட்டுக் கட்டியதைப் பாருங்கள். நான் முட்டாள் என்று நானே சொன்னாலும் அது என் அடக்கத்துக்கு இன்னொரு பட்டமாகப் போய்ச் சேர்கிறது. இந்த மனிதர் என் மரியாதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு செத்துப்போவார் போலிருந்தது.

“அத்தான், நான் சயின்டிஸ்ட் இல்ல” என்றேன். “குழாயத் தொறந்து பாட்டில்ல தண்ணி புடிக்கிறவன்.”

“ஆராய்ச்சிக்குத்தான?”

“ஆராய்ச்சி பண்ணுதவன் வேற. நான் புடிச்சிக் குடுக்கிறதோட சரி. நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியான்னு கேட்டாக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. ஒங்க நெஞ்சப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது.

“எம்.ஃபிலுக்கு நிகரா இங்க படிப்பு இல்லன்னது பெரும இல்ல அத்தான். கணக்குலயே சேக்க மாட்டோம்னு அர்த்தம். நீங்க ஆறு நாளு பெஞ்சுல உக்காந்தது வீணாப் போச்சு. ஒங்கட்டச் சொல்ல வாய் வரல. கயல் பி.ஆர்க். படிக்கல. கூரையில ஏறி ஓடு மாத்துதா.”

இயந்திரம் நின்றுவிட்டது. அத்தான் தணிந்த குரலில் சொன்னார்:

“போனு ஸ்பீக்கர்ல கெடக்குலே.”

கடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஸ்பீக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது.

“நெசமாவே ஒனக்கு அந்தத் தாளு பாக்கத் தெரியாதா?”

“தெரியாது அத்தான்.”

“பின்ன எதுக்குலே பயப்பட ஒண்ணுமில்லன்ன?”

அவர் போனை வைத்துவிட்டார்.

8

அன்று சாயங்காலமே அக்கா அழுதுகொண்டு பேசினாள். வண்டி வைத்துத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். டாக்டர் தாளைப் பார்த்ததும் அத்தானை நடக்கவே விடவில்லை. இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. உடனே உள்ளே கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

“டாக்டர் கேட்டாருல, ‘இத எத்தன நாளா கையில வச்சிருக்கிய’ன்னு. அஞ்சு நாளுன்னாவ. ‘அஞ்சு நாளா என்ன செஞ்சிய’ன்னு கேட்டாரு. ஒங்க அத்தான் சொல்லுதாவ, ‘ஜெர்மனியில காட்டிக்கிட்டு இருந்தேன்’னு.”

அக்கா அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். கல்யாணமும் குறித்த நாளில்தான். பத்திரிகை ஏற்கனவே அச்சாகி ஊரெல்லாம் கொடுத்து முடிந்தது என்பதால், வருகிற மாதம் திருச்செந்தூரில் நான் சயின்டிஸ்டாகவே மேடை ஏற வேண்டும். ஆறுமுகநேரி பஜாருக்குள் மட்டும் விஷயம் தெரியும்.

ஆனால் அத்தானிடமிருந்து பத்து நாள் ஒரு செய்தியும் இல்லை. நோட்டீஸ் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை, காலை வணக்கப் படம்கூட இல்லை. இந்தத் தொல்லை எப்போது ஒழியும் என்று எத்தனையோ தடவை சலித்திருக்கிறேன். ஒழிந்ததும் தாங்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை போனைப் பார்த்தேன். என்னை இனி ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

பதினோராம் நாள், ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. நான்கு படங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்கள், முழுக்க இங்கிலீஷ், நெருக்கமாக நான்கு பக்கம். மடியில் வைத்து எடுத்த படம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அத்தானின் கட்டைவிரல் தெரிந்தது.

இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை. ‘எனக்கு இது புரியாது அத்தான். டாக்டர்ட்ட கேளுங்க’ என்று அடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“டாக்டர்ட்ட கேட்டாச்சிலே. எல்லாம் வெவரமாச் சொல்லிட்டாரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் தெரியும். ஆனாலும் நீயும் ஒரு தடவ பாத்துட்டேன்னா எனக்கு ஒரு தைரியம். பாரு.”

தண்ணீரை அடைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து நான்காம் பக்கத்தின் கையெழுத்து வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். பாதிக்கு மேல் விளங்கவில்லை.

‘பாத்துட்டேன் அத்தான்’ என்று எழுதி அனுப்பினேன்.